செம்மறுவின் பொருள் கண்ட மருத்துவர்

தொண்டை நாட்டுத் திருத்தலங்களுள் தொன்மை வாய்ந்தது திருவாலங்காடு. கூத்தப்பெருமான் ஆடும் ஐந்து மன்றங்களுள் ஒன்றாகிய இரத்தின சபை அங்கே அமைந்துள்ளது. காரைக்காலில் வணிகர் குடியில் புனிதவதியாகப் பிறந்த அம்மையார், தம் அழகிய உடலை வேண்டாவென உதறினார்; கண்டோர் அஞ்சும் பேயுருவை இறைவனிடம் இரந்து பெற்றார்; கயிலை மலையில் கால் பதித்தல் தகாதெனத் தலையாலே நடந்து சென்றார்; முடிவில் திருவாலங்காட்டை அடைந்து, ஆடும் பெருமானின் திருவடிக்கீழ் அமர்ந்து பாடினார். உலகத்தார் எவ்வுருவைக் கண்டு ஒதுங்கினரோ, அவ்வுருவினரையே இறைவன் அம்மையே என அழைத்தான் என்பது பெரியபுராணம் உரைக்கும் வரலாறு. மக்களின் உயர்வு தாழ்வை அவர்தம் தோற்றத்தைக் கொண்டு அளத்தல் பிழை என்பதைத் தமிழகம் இவ்வரலாற்றின் வாயிலாக நெடுங்காலமாகவே அறிந்து வந்துள்ளது.

அறிந்திருந்தும் அதனை மறந்து நடப்பது மக்கள் இயல்பாக உள்ளது. முகத்தில் சிவந்த மறுவுடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், தாயின் உள்ளம் துன்புறுகிறது. அண்டை வீட்டார் காரணம் தேட முற்படுகின்றனர். கிரகண காலத்தில் தாய் வெளியே வந்திருப்பாள் என்பார் சிலர். முன்னை வினையின் பயன் என்பார் வேறு சிலர். குழந்தை வளர்ந்து பள்ளி செல்லும்பொழுது உடன் பயில்வோர் உற்று நோக்குகின்றனர். சிலர் எள்ளி நகைக்கவும் செய்கின்றனர். இத்தகைய மறு ஒன்றை முகத்தில் தாங்கிய சிறுமி ஒருத்தியை, நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்திற்கு முன், லண்டன் மாநகரில் ஓர் இளமருத்துவர் கண்டார். பிறர் மறுவை மட்டும் கண்டனர். அவர் மறுவிற்கு அப்பாலும் நோக்கினார். அவரே மருத்துவ நூல்கள்தோறும் பெயர் விளங்கும் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ் ஆவார்.

பிறப்பும் குடும்பமும்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள துறைமுக நகரமான பிரிஸ்டலில் 1850-ஆம் ஆண்டு ஸ்டர்ஜ் பிறந்தார். இவர்தம் குடும்பத்தார் குவேக்கர் என வழங்கும் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, ஆரவாரமற்ற வழிபாடு, போரை வெறுத்தல், எல்லா மக்களையும் ஒப்ப மதித்தல் ஆகியவை அப்பிரிவினரின் கொள்கைகளாகும். ஆணும் பெண்ணும் இறைவன் முன் நிகர் என்பதும் அவர்தம் துணிபு. அக்கொள்கைகள் அக்குடும்பத்தில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஸ்டர்ஜின் தமக்கையாராகிய எமிலி ஸ்டர்ஜ் பெண்கல்விக்காகப் பிரிஸ்டலில் அயராது உழைத்த பெருமாட்டியாவார். 1880-இல் அந்நகரப் பள்ளிக் குழுவிற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தங்கையருள் ஒருவர் பின்னாளில் மருத்துவர் ஆனார். பெண்கள் உயர்கல்வி பெறுதல் தகுமா என்று நாடெங்கும் வாதம் நிகழ்ந்த காலத்தில், அவ்வீட்டில் அவ்வினாவிற்கே இடமில்லாதிருந்தது.

கல்வியும் பயிற்சியும்

இளமையிலேயே மூட்டுகளையும் நெஞ்சையும் வருத்தும் ஒருவகைக் காய்ச்சல் ஸ்டர்ஜைப் பற்றியது. அதனால் அவர் கல்வி இடையிடையே தடைப்பட்டது. ஆயினும் அவர் தளரவில்லை. பிரிஸ்டலில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அதனை நிறைவு செய்தார். பின்னர், வலிப்பு நோயினர்க்கும் பக்கவாத நோயினர்க்கும் என்றே லண்டனில் அமைந்திருந்த தேசிய மருத்துவமனையில் பணியேற்றார்.

அக்காலம் மூளையைப் பற்றிய அறிவு விரைந்து வளர்ந்த காலமாகும். வலிப்பு நோயைப் பேயின் செயல் என்றும், தெய்வத்தின் சினம் என்றும் பல நாட்டு மக்களும் கருதி வந்தனர். மருத்துவர்களுங்கூட, மூளை முழுவதும் ஒருங்கே கலங்குவதால் வலிப்பு உண்டாகிறது என்று பொதுவாகக் கூறி அமைந்தனர். தேசிய மருத்துவமனையில் பணியாற்றிய ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் பேரறிஞர் வேறொரு வழியில் ஆராய்ந்தார். ஒரு கையில் அல்லது ஒரு பக்க முகத்தில் மட்டும் துடிப்பாகத் தொடங்கிப் பிறகு பரவும் வலிப்புகளை அவர் கூர்ந்து நோக்கினார். மூளையின் வலப்பாதி உடலின் இடப்பாதியையும், இடப்பாதி உடலின் வலப்பாதியையும் இயக்குகின்றன. ஆதலின், இடக்கையில் தொடங்கும் வலிப்பிற்குக் காரணம் மூளையின் வலப்பக்கத்திலேயே இருத்தல் வேண்டும் என்று அவர் தெளிந்தார். 1870-இல் ஜெர்மனியிலும், அதனை அடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்திலும் நிகழ்ந்த ஆய்வுகள் இக்கருத்திற்கு அரணாயின. இப்புத்தறிவு உருவாகிவந்த இடத்திலேயே பயிலும் பேறு ஸ்டர்ஜுக்குக் கிட்டியது.

மேலும் கற்கும் வேட்கையால் 1876-இல் அவர் பாரிசு நகரம் சென்றார். நரம்பு நோய்களின் ஆசானாக உலகெங்கும் புகழ்பெற்றிருந்த ஷார்க்கோ என்பவர், சால்பெட்ரியேர் என்னும் பெரிய மருத்துவமனையில் அந்நாளில் பாடம் நடத்தி வந்தார். நோயாளியை நெடுநேரம் அமைதியாக உற்று நோக்குதலே அவர்தம் முறை. உடலின் வெளியே தோன்றும் சிறு குறிகளைக் கொண்டு உள்ளே மறைந்துள்ள பழுதைக் கண்டறியும் அக்கலையை ஸ்டர்ஜ் அவரிடம் நன்கு பயின்றார்.

எமிலி போவெல்

பாரிசு நகரம் ஸ்டர்ஜுக்குக் கல்வியோடு வாழ்க்கைத் துணையையும் அளித்தது. எமிலி போவெல் என்னும் நங்கை அங்கு மருத்துவம் பயின்று வந்தார். அவர் பாரிசுக்கு வந்த வரலாறு தனியே கூறத்தக்கது.

1869-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலப் பெண்கள் எழுவர் இடம் பெற்றனர். பிரிட்டனில் பல்கலைக்கழகமொன்றில் மருத்துவக் கல்விக்கெனச் சேர்ந்த முதல் பெண்கள் அவர்களே. போவெல் அவர்களுள் ஒருவர். மாணவர் சிலரும் ஆசிரியர் சிலரும் அவர்களை வெறுத்தனர். 1870-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அவர்கள் தேர்வெழுதச் சென்றபோது ஒரு கூட்டம் வாயிலை மறித்தது. அவர்கள்மீது சேற்றை வாரி வீசியது. அப்பெண்கள் அஞ்சாது உள்ளே சென்று தேர்வெழுதினர். ஆயினும் பட்டம் அளிக்கப் பல்கலைக்கழகம் மறுத்தது. 1873-இல் வழக்குமன்றத் தீர்ப்பும் அவர்களுக்கு எதிராயிற்று. மனம் தளராத போவெல் பாரிசு நகரம் சென்று, 1877-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வெழுவருள் மற்றொருவரான எடித் பீச்சி, 1883-இல் இந்தியாவிற்கு வந்து பம்பாயில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவத் தொண்டு புரிந்தார்.

1877-இல் ஸ்டர்ஜும் போவெலும் மணம் புரிந்துகொண்டனர். லண்டன் திரும்பிய இருவரும் ஒரே இல்லத்தில் மருத்துவத் தொழிலை நடத்தினர். கணவன் மனைவி இருவரும் மருத்துவராக விளங்கும் காட்சி அந்நகரத்திற்கு அன்று புதுமையாக இருந்தது.

அவ்வாண்டிலேதான் ராயல் ஃப்ரீ என்னும் லண்டன் மருத்துவமனை, பெண்கள் மருத்துவப் பள்ளி மாணவியர்க்குத் தன் கதவைத் திறந்தது. அம்மருத்துவமனையில் ஸ்டர்ஜ் மருத்துவராக அமர்ந்தார். மாணவியர்க்குப் பாடமும் நடத்தினார். பிற மருத்துவமனைகள் பெண்களை வாயிலிலேயே நிறுத்திய நாளில் அவர் இதனைத் தம் கடமையாக மேற்கொண்டார். அவ்வாண்டுகளில் அப்பள்ளிக்குப் பயிலச் சென்றவருள் ஒருவர் சென்னை மக்களால் மறக்க இயலாதவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1878-இல் மேற்கல்விக்காக லண்டன் சென்ற மேரி ஷார்லிப் அம்மையாரே அவர். 1883-இல் சென்னைக்குத் திரும்பிய அவர் முயற்சியால் 1885-இல் பெண்களுக்கெனத் தோன்றிய மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இன்று விளங்குகின்றது.

சிறுமியின் நோய்

ஸ்டர்ஜ் தம் இருபத்தொன்பதாம் வயதை எட்டும் காலத்தில் அவரிடம் ஆறரை வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். பிறக்கும்போதே அவள் முகத்தின் வலப்பக்கத்தில் கருஞ்சிவப்பு நிறமான பெரிய மறு படர்ந்திருந்தது. அது நெற்றியையும் தலையின் வலப்பாதியையும் கவிந்து கழுத்து வரையில் இறங்கியிருந்தது. பழச்சாற்றை வாரி முகத்தில் தெளித்தாற்போன்ற அந்நிறம் முகத்தின் நடுக்கோட்டிற்கு அருகே வந்து நின்றது. அவள் வலக்கண் இடக்கண்ணினும் பெரிதாக இருந்தது.

மறுவினும் கொடியதாக மற்றொரு துன்பமும் அவளை வருத்தியது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு வலிப்புத் தொடங்கியது. முதலில் உடலின் இடப்பக்கம் மட்டும் துடித்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல வலிப்பு வன்மையுற்றது; நினைவிழக்கும் நிலையும் நேர்ந்தது.

மறு முகத்தின் வலப்பக்கத்தில் உள்ளது. வலிப்போ உடலின் இடப்பக்கத்தில் தொடங்குகிறது. இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டென்று எவரும் கருதவில்லை. முகத்து மறுவிற்கு அக்கால மருத்துவர்கள் செய்தவை கொடியவை. காரத்தைத் தடவி எரித்தனர், நூலால் இறுகக் கட்டினர், கத்தியால் அறுத்தனர். இவற்றால் மறுவினும் அருவருப்பான தழும்பே பெரும்பாலும் எஞ்சியது. வலிப்பிற்கு வேறு மருந்து கொடுத்தனர். தோலைக் கண்டவர் மூளையை நினைக்கவில்லை. மூளையை நினைத்தவர் தோலைக் காணவில்லை.

ஸ்டர்ஜ் இரண்டையும் ஒருங்கே நோக்கினார். சிறுமியின் கண்ணின் உட்புறத்தைச் சோதித்தபோது, அங்கும் இரத்தக் குழாய்கள் மிகுந்து நிறம் செறிந்திருத்தல் புலப்பட்டது. வாயின் உட்புறத்திலும் அவ்வாறே செம்மை பரவியிருந்தது. ஆகவே இம்மறு தோலோடு நிற்பதன்று; உள்ளும் புகுந்துள்ளது என்பது தெளிவாயிற்று. அங்ஙனமாயின் அதனினும் உள்ளே, மண்டையோட்டிற்குள், மூளையின் மேற்பரப்பிலும் அது படர்ந்திருக்கலாம் அன்றோ? மறு வலப்பக்கத்தில் உள்ளது. ஆதலால் மூளையிலும் அது வலப்பாதியிலேயே இருத்தல் வேண்டும். மூளையின் வலப்பாதி இயக்குவது உடலின் இடப்பாதியை. சிறுமியின் வலிப்புத் தொடங்குவதும் இடப்பாதியிலேயே. இவ்வாறு ஒன்றோடொன்று தொடர்பின்றிக் கிடந்த குறிகள் அனைத்தும், நூலில் கோத்த மணிகள்போல் ஒரு காரணத்தில் வந்து இணைந்தன.

1879-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் கழகம் ஒன்றின் கூட்டத்தில் ஸ்டர்ஜ் இதனை எடுத்துரைத்தார். மூளையைத் திறந்து பாராமலே, உயிரோடு உள்ள குழந்தையின் முகத்தைக் கொண்டு மூளையின் நிலையை உணர்த்திய அவ்வுரை அச்சிலும் வெளிவந்தது.

ஐயமும் சான்றும்

புதுக்கருத்திற்கு உடனே வரவேற்புக் கிடைப்பது அரிது. ஸ்டர்ஜ் கூறியதைக் கண்ணால் கண்டு உறுதி செய்ய வழியில்லை. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான். சிறுமியோ உயிரோடு இருந்தாள். எனவே சான்றில்லாத ஊகம் என்று பலர் அதனை ஏற்கத் தயங்கினர். ஸ்டர்ஜ் பிறரை இகழவும் இல்லை. தம் கருத்தைக் கைவிடவும் இல்லை. காரணம் காட்டிக் கூறவேண்டியதைக் கூறி அமைந்தார்.

காலம் அவர்பக்கம் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில், காலிஷர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இத்தகைய மறுவோடு வாழ்ந்து இறந்த குழந்தை ஒன்றின் மூளையை ஆராய்ந்தார். முகத்தில் மறு இருந்த அதே பக்கத்தில், மூளையைப் போர்த்திய சவ்வில் இரத்தக் குழாய்கள் முறையின்றிப் பெருகிப் பின்னிக் கிடந்தமையைக் கண்டார். 1922-இல் லண்டன் மருத்துவரான பிரெடரிக் பார்க்ஸ் வெபர், இந்நோயுற்ற ஒருவரின் தலையை எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து, மூளையில் ஏற்பட்டிருந்த மாறுதல்களை வெளிப்படுத்தினார். மூளையின் அப்பகுதியில் சுண்ணாம்புச் சத்துப் படிந்திருந்தமை படத்தில் புலனாயிற்று. ஸ்டர்ஜ் அறிவுக்கண்ணால் கண்டதை உலகம் ஊனக்கண்ணால் கண்டது. அந்நோய்க்கு ஸ்டர்ஜ்–வெபர் நோய் என்னும் பெயர் நிலைத்தது. ஆனால் அப்பெயர் வழங்கத் தொடங்கிய காலத்தில் ஸ்டர்ஜ் உயிரோடு இல்லை.

நீஸ் நகர வாழ்வு

அரிய கண்டுபிடிப்பை வெளியிட்ட மறு ஆண்டிலேயே ஸ்டர்ஜ் லண்டனை விட்டு நீங்கினார். எமிலி போவெலுக்கு நுரையீரல் நோய் முற்றிவிட்டது. லண்டனின் பனியும் புகையும் அவர் உயிருக்கு ஊறாயின. தெற்கே வெப்பமான கடற்கரை நாட்டில் வாழ்ந்தால் ஆயுள் நீளலாம் என்னும் நம்பிக்கை ஒன்றே எஞ்சியிருந்தது. அந்நோயைத் தீர்க்கும் மருந்து அந்நாளில் உலகில் எங்கும் இல்லை.

லண்டனில் இருந்தால் நரம்பியல் துறையில் ஸ்டர்ஜ் பெரும்புகழ் எய்தியிருக்கலாம். இளமை இருந்தது, கூர்மதி இருந்தது, நல்ல பதவியும் இருந்தது. அவை அனைத்தினும் மனைவியின் நலமே பெரிதெனக் கொண்டு, 1880-இல் பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகரில் அவர் குடியேறினார். அங்கும் இருவரும் மருத்துவத் தொண்டு புரிந்தனர். ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1885-இல் போவெல் அம்மையார் மறைந்தார். சேற்றை வீசிய கூட்டத்தின் முன் கலங்காது நின்ற அவ்வீரப் பெருமாட்டியின் வாழ்வு நாற்பது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே முடிந்தது.

மறு ஆண்டு ஸ்டர்ஜ், ஜூலியா ஷெரிஃப் என்னும் அம்மையாரை மணந்தார். நீஸ் நகரிலேயே ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் அவர் மருத்துவராக விளங்கினார். குளிர்காலத்தில் அந்நகருக்கு வந்து தங்கும் ஆங்கிலேயர் பலர் அவரை நாடினர். இளவேனிற் காலத்தில் அங்கு வந்து தங்கிய விக்டோரியா பேரரசியும், அரச குடும்பத்தாரும் அவர்தம் மருத்துவ உதவியைப் பெற்றனர். அரசின் சிறப்பு விருதும் அவருக்குக் கிடைத்தது.

கல்லில் கண்ட வரலாறு

ஓய்வு வேளைகளில் ஸ்டர்ஜின் உள்ளம் பண்டைப் பொருள்களில் ஈடுபட்டது. பழங்காலக் கிரேக்கக் கலங்களை அவர் தொகுத்தார். அவற்றினும் மிகுதியாக அவரைக் கவர்ந்தவை, எழுத்தும் உலோகமும் அறியாத முன்னை மனிதர் செதுக்கிய கற்கருவிகளே. 1907-இல் இங்கிலாந்து திரும்பியதும், சஃபோக் மாவட்டத்தில் இக்ளிங்கம் என்னும் ஊரில் அவர் தங்கினார். கருவி செய்தற்கேற்ற சிக்கிமுக்கிக் கல் நிறைந்த நிலம் அது. 1908-இல் அப்பகுதி அறிஞர்களோடு கூடிக் கிழக்கு ஆங்கிலியத் தொல்பழங்காலக் கழகத்தை நிறுவி, அதன் முதல் தலைவராக விளங்கினார். அக்கழகமே 1935-இல் நாடு தழுவிய தொல்பழங்காலக் கழகமாக வளர்ந்தது.

இக்கலையில் நம் நாட்டிற்கும் பெரும்பங்கு உண்டு. ஸ்டர்ஜ் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்த 1863-ஆம் ஆண்டில், இந்திய நிலவியல் துறையைச் சார்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங் என்பவரும், கொசத்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளைக் கண்டனர். திருவாலங்காட்டைப் போலவே இவ்வூரும் திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அண்மையில் உள்ளது. அங்குக் கிடைத்த கைக்கோடரிகளுள் பழமையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையவை என்று சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். உழவர் காலில் இடறும் கல்லாகக் கிடந்ததே மனித குலத்தின் வரலாற்றை உரைக்கும் சான்றாயிற்று.

குழந்தையின் முகத்து மறுவை ஆராய்ந்த மனமே கல்லின் மீதுள்ள சிறு வெட்டுகளையும் ஆராய்ந்தது. இரண்டிலும் வழி ஒன்றே. வெளியே தெரியும் அடையாளத்தை இகழாது நோக்குதல். அதனை உண்டாக்கிய காரணம் யாதென வினவுதல். சான்றுகள் அனைத்தும் பொருந்தும் விடையைத் தேடுதல் என்பனவே அவ்வழியின் படிகள்.

1919-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஸ்டர்ஜ் இயற்கை எய்தினார். தம் வாழ்நாளெல்லாம் தொகுத்த கற்கருவிகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு உரிமையாக்கிச் சென்றார்.

மறுக்களைப் பற்றிய இன்றைய அறிவு

ஸ்டர்ஜ் தொடங்கிய ஆராய்ச்சி அவரோடு முடிந்துவிடவில்லை. குழந்தைகளின் தோலில் தோன்றும் செம்மறுக்கள் யாவும் ஒரே வகையின அல்ல என்பதை மருத்துவர்கள் தெளிந்துள்ளனர். அவற்றுள் மூன்று வகைகளை அறிந்துகொள்ளல் நன்று.

முதல் வகை, பிறந்த குழந்தையின் நெற்றியிலும் கண்ணிமையிலும் பிடரியிலும் காணப்படும் இளஞ்சிவப்புத் திட்டுகள். இவை மிகப் பல குழந்தைகளிடம் உள்ளன. குழந்தை அழும்போது சிவந்து தோன்றும். முகத்தில் உள்ளவை ஓரிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்துவிடும். பிடரியில் உள்ளவை சிலரிடம் நிலைத்திருக்கும். இவற்றால் தீங்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் வகை, பிறந்த சில வாரங்களில் புலப்பட்டு, கோவைப்பழம்போல் சிவந்து புடைத்து வளரும் இரத்தக் குழாய்க் கட்டி. நூறு குழந்தைகளுள் நான்கைந்து பேருக்கு இது தோன்றலாம். சில மாதங்கள் விரைந்து வளர்ந்து பெற்றோரை அச்சுறுத்தும். பின்னர் வளர்ச்சி நின்று, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கும். இது புற்றன்று. பெரும்பாலும் மருத்துவமே தேவைப்படாது. கண்ணை மறைத்தாலோ, மூச்சுக்குழாயை நெருக்கினாலோ, புண்ணானாலோ மட்டும் உடனே மருத்துவம் செய்தல் வேண்டும். நெஞ்சக நோய்க்கு வழங்கப்பட்டு வந்த புரோப்ரனலால் என்னும் மருந்து இக்கட்டியைச் சுருக்கும் என்பது, பிரான்சு நாட்டு மருத்துவர்கள் வேறொரு நோய்க்காக அதனைக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது தற்செயலாகத் தெரியவந்தது. அச்செய்தி 2008-இல் வெளியாயிற்று.

மூன்றாம் வகையே ஸ்டர்ஜ் கண்ட கருஞ்செம்மறு. ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ மூவருக்கு இது பிறவியிலேயே அமைகிறது. தோலிலுள்ள தந்துகிகள் என்னும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் இந்நிறம் உண்டாகிறது. இது தானே மறைவதில்லை. குழந்தையோடு உடன் வளர்ந்து, வயது ஏற ஏறக் கறுத்துத் தடிக்கவும் கூடும். இவ்வகை மறுவுடைய குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு வேறு குறை எதுவும் இல்லை. நெற்றியிலும் மேலிமையிலும் மறு படர்ந்துள்ள குழந்தைகளுள் சிலர்க்கே மூளையும் கண்ணும் தாக்குறுகின்றன. ஆதலின் அவ்விடங்களில் மறு இருப்பின், குழந்தையை மருத்துவரிடம் காட்டிக் கண்ணின் அழுத்தத்தையும் மூளையின் நிலையையும் சோதித்தல் முறையாக உள்ளது. இவ்விதிக்கு அடிப்படை இட்டவர் ஸ்டர்ஜே.

இம்மறுவிற்குக் காரணம் யாது? 2013-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதற்கு விடை கண்டனர். கரு வளரும் காலத்தில் ஒரே ஓர் உயிரணுவின் ஜி.என்.ஏ.கியூ. என்னும் மரபணுவில் சிறு மாற்றம் நேர்கிறது. அவ்வுயிரணுவின் வழித்தோன்றிய பகுதிகளில் மட்டும் இரத்தக் குழாய்கள் பழுதுறுகின்றன. மாற்றம் கருவளர்ச்சியின் தொடக்கத்தில் நேர்ந்தால் தோல், கண், மூளை மூன்றும் தாக்குறும். சற்றுப் பின்னர் நேர்ந்தால் தோல் மட்டுமே தாக்குறும் என்று அவர்கள் கருதினர். இது பெற்றோரிடமிருந்து வழிவழி வருவதன்று. தாய் உண்டதாலோ, கண்டதாலோ, கிரகணத்தில் நடமாடியதாலோ விளைவதும் அன்று. தாயின் அடக்கிய ஆசையே குழந்தையின் மேனியில் மறுவாகப் பதியும் என்று ஐரோப்பியரும் ஒரு காலத்தில் நம்பினர். அந்நம்பிக்கையும் நம் நாட்டுக் கிரகண நம்பிக்கையும் ஒருங்கே பொய்த்தன. பல தலைமுறைகளாகத் தாய்மார் சுமந்த வீண்பழி அறிவியலால் நீங்கிற்று.

மறுவைக் குறைக்கும் முறையும் கண்டறியப்பட்டுள்ளது. காரமும் கத்தியும் பயன்படாத இடத்தில் ஒளி பயன்படுகிறது. இரத்தத்தின் செந்நிறப் பொருள் மட்டுமே மிகுதியாக ஏற்கும் ஒளியைத் தேர்ந்து, நொடியினும் மிகச் சிறிய காலத்திற்குத் தோலின்மீது பாய்ச்சினால், மிகுந்துள்ள நுண்குழாய்கள் மட்டும் சூடேறி அழியும். சுற்றியுள்ள தோல் ஊறுபடாது. இந்நுட்பத்தை 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் விளக்கினர். அதன்வழித் தோன்றிய லேசர் மருத்துவம் உலகின் பல நாடுகளிலும், நம் நாட்டின் பெருநகரங்களிலும் வழங்குகிறது. ஒரே முறையில் மறு நீங்குவதில்லை. பலமுறை செய்தல் வேண்டும். முற்றும் மறையாவிடினும் பலர்க்கு நிறம் பெரிதும் வெளிறுகின்றது.

ஸ்டர்ஜ் உணர்த்தும் நெறி

ஸ்டர்ஜ் அச்சிறுமியின் மறுவை நீக்கவில்லை. அதனை நீக்கும் கருவி அன்று இல்லை. அவள் வலிப்பை முற்றும் தீர்க்கும் மருந்தும் அவரிடம் இருந்திலது. ஆயினும் அவர் செய்த நன்மை சிறிதன்று. அவள் முகத்தைப் பிறர்போல் கண்டு திரும்பிக் கொள்ளாமல் பொறுமையோடு நோக்கினார். அவள் துன்பத்திற்கு இயற்கையான காரணம் உண்டென்று நிறுவினார். அதன் பயனை அவளுக்குப் பின் பிறந்த எண்ணற்ற குழந்தைகள் பெற்றுள்ளனர். முகத்தில் மறு கண்டவுடன் கண்ணையும் மூளையையும் சோதிக்கும் மருத்துவர் ஒவ்வொருவரும், வலிப்பும் பார்வையிழப்பும் நேருமுன் காக்க முயலும்போது, ஸ்டர்ஜ் காட்டிய வழியிலேயே நடக்கின்றனர்.

மருத்துவர் செய்யத்தக்கது அது. மற்றவர் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. வகுப்பில் உடன் அமரும் தோழன் அல்லது தோழியின் முகத்தில் மறு இருக்கலாம். அது தொற்று நோயன்று. எவர் செய்த குற்றமும் அன்று. சில நுண்குழாய்கள் விரிந்து நிற்கும் நிலை, அவ்வளவே. அதனை உற்று நோக்காமலும், அதன் காரணமாக ஒதுக்காமலும், பிறரோடு பழகுவதுபோல் இயல்பாகப் பழகுதலே பண்புடையார் செயல். அப்பண்பு எவ்வளவு எளியதோ, அவ்வளவு அது இல்லாதபோது ஒரு குழந்தை அடையும் துன்பம் பெரியது. மறுவின் பொருளைக் கண்டவர் ஸ்டர்ஜ். மறுவுடையாரின் மனத்தைக் காத்தல் நம் அனைவர் கடமையாகும்.